தேசிய பீர் பாங் போட்டி: எந்த வழியில் நுழைவது, யாரைப் பார்ட்னராக எடுப்பது

நண்பர்கள் சேர்ந்து ஒரு தேசிய பீர் பாங் போட்டிக்குப் போகலாம் என்று பேச்சு கிளம்பினால், முதலில் எல்லோரும் கேட்பது பரிசு எவ்வளவு என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். கட்டுகிற காசுக்கும் எடுக்கிற லீவுக்கும் எத்தனை ஆட்டம் ஆடக் கிடைக்கும் என்று கேளுங்கள். எந்த வழியில் நுழைவது, யாரோடு சேர்வது, கப்பில் பீரா தண்ணீரா, எப்படி எறிவது என்று இதில் எடுக்க வேண்டிய முடிவுகள் நிறைய இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வழிகள் இருக்கின்றன, நான் எல்லாவற்றையும் இந்த ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன். படிப்புக்கோ வேலைக்கோ அமெரிக்கா வந்து, அபார்ட்மெண்ட் பார்ட்டியில் இந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்ட நம்ம ஆட்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: எட்டு அடி நீள மேசை, இரண்டு முனையிலும் பத்துப் பத்துப் பிளாஸ்டிக் கப் முக்கோணமாக, ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர். பிங்பாங் பந்தை எறிந்து எதிரணியின் கப்பில் விழ வைக்க வேண்டும். விழுந்த கப்பை எதிரணி எடுத்துவிட வேண்டும், அதில் இருப்பதைக் குடிக்கவும் வேண்டும். ஒரு முறைக்கு இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பந்து. இரண்டுமே விழுந்தால் பந்து இரண்டும் திரும்பி வரும், மறுபடி எறியலாம், இதுதான் ரோல்பேக். கடைசிக் கப் விழுந்த பிறகும் எதிரணிக்கு ஒரு பதில் வாய்ப்பு உண்டு, அதை ரிடெம்ப்ஷன் என்பார்கள். அதில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் போட்டுச் சமன் செய்துவிட்டால் மூன்று கப் வைத்துக் கூடுதல் ஆட்டம். டார்ட்மவுத் கல்லூரியில் மேசைப்பந்து மட்டையோடு ஆடும் பழைய வடிவம் இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆனால் நாடு முழுக்கப் பரவியது கையால் எறிகிற வடிவம்தான், போட்டிகளும் அதில்தான்.

தேசிய அளவில் பெரிய போட்டி என்றால் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் பீர் பாங் என்ற பெயர்தான் முதலில் வரும். 2006-இல் நெவாடாவின் மெஸ்கீட் என்ற சின்ன ஊரில் தொடங்கியது. லாஸ் வேகாஸிலிருந்து வடகிழக்கே ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய, அரிசோனா எல்லையை ஒட்டிய ஊர். முதல் வருடம் முதல் பரிசு 10,000 டாலர், அப்புறம் சில வருடங்களிலேயே அது 50,000 ஆனது, போட்டியும் லாஸ் வேகாஸ் ஃபிளமிங்கோ ஹோட்டலுக்கு இடம் மாறியது. அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது: முதல் இரண்டு நாளும் எல்லா அணிகளும் மொத்தம் 12 ஆட்டம் ஆடின, தோற்றாலும் வெளியே போக வேண்டியிருக்கவில்லை. வெற்றிக் கணக்கும் கப் வித்தியாசமும் (நாம் போட்ட கப்புக்கும் எதிரணி போட்ட கப்புக்கும் உள்ள வித்தியாசம்) நன்றாக இருந்த அணிகள் மட்டும் மூன்றாம் நாள் டபுள் எலிமினேஷனுக்கு, அதாவது இரண்டு முறை தோற்றால்தான் வெளியே என்ற சுற்றுக்குப் போயின. எந்த ஊரில், எந்தப் பெயரில் ஒரு தேசியப் போட்டி நடந்தாலும், இந்த அமைப்போடு ஒப்பிட்டுத்தான் நான் அதை மதிப்பிடுவேன்.

பரிசுப் பணத்தை ஏன் ஓரமாக வைக்கச் சொன்னேன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 400 அணிகள் வருகின்றன, எல்லோரும் சம திறமை, முதல் பரிசு 50,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அணியின் பங்கு சராசரியாக 125 டாலர். ஆளுக்கு அறுபது சொச்சம். விமான டிக்கெட்டில் பை கொண்டுபோகும் கட்டணத்துக்கு வந்தால் பெரிது. வேகாஸுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சம திறமையும் கிடையாது, வாரத்துக்கு மூன்று நாள் லீக் ஆடி மணிக்கணக்காகப் பயிற்சி எடுக்கிற அணிகள் அங்கே வரும், அதனால் முதல் முறை போகிற நண்பர்களுக்கு அந்த 125 இன்னும் இறங்கும். ஜெயித்தால் அது வருமானமாகக் கணக்காகி வரியும் கட்ட வேண்டும். அதனால் நீங்கள் வாங்குவது ஆட்டங்களை, பரிசுச் சீட்டை இல்லை. இந்த இடத்தில் மனம் தெளிந்துவிட்டால் மீதி முடிவுகள் எல்லாம் எளிதாகிவிடும்.

முதல் முடிவு, எந்த வழியில் நுழைவது. மூன்று வழிகள் உண்டு. காசு கட்டி நேராகத் தேசியப் போட்டிக்குப் பதிவு செய்வது. உள்ளூர் பாரில் நடக்கும் சாட்டிலைட் போட்டியில் ஜெயித்து, நுழைவுக் கட்டணத்தைப் பரிசாக வாங்கிக்கொண்டு போவது. அல்லது தேசியம் எல்லாம் வேண்டாம், வாரா வாரம் நடக்கும் உள்ளூர் லீகே போதும் என்று இருப்பது.

சாட்டிலைட் வழி கேட்கும்போது எல்லோருக்கும் இனிக்கும். இலவசமாகப் போகலாம், அதுவும் ஜெயித்துப் போகலாம், ஊருக்குச் சொல்லிக்கொள்ளவும் நன்றாக இருக்கும். ஆனால் 32 அணி நாக்அவுட் போட்டியில் ஜெயிக்க ஐந்து ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும். உங்கள் அணி நல்ல அணி, ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்க 60 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்றாலும், ஐந்தும் சேர்ந்து வருவது நூற்றுக்கு எட்டு முறைகூட இல்லை. 70 சதவீதம் என்றால் நூற்றுக்குப் பதினேழு. அது ஊரிலேயே பேர் வாங்கிய அணிக்கான எண். இதைவிட முக்கியமானது, நாக்அவுட்டில் பாதி அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடும். 32 அணிக்கு மொத்தமே 31 ஆட்டம், அணிக்கு ஆட்டம் என்று பிரித்தால் சராசரி இரண்டுகூட வராது. டபுள் எலிமினேஷன் என்றால் நான்கு பக்கம் வரும். ஒரு சனிக்கிழமை மாலை முழுக்க பாரில் உங்கள் முறைக்காகக் காத்திருந்து, இரண்டு ஆட்டம் ஆடி, காத்திருந்த நேரத்தில் குடித்ததற்கு பில் கட்டிவிட்டு வருவது, நான்கைந்து முறை நடந்தால் நேராகப் பதிவு செய்திருக்கக்கூடிய காசில் பெரும் பகுதி அதிலேயே போயிருக்கும்.

நேரடிப் பதிவில் காசு முன்னாலேயே போகிறது என்பது உண்மைதான், அந்தத் தொகையைப் பார்த்தால் கொஞ்சம் வலிக்கவும் செய்யும். ஆனால் வேர்ல்ட் சீரிஸ் மாதிரி அமைப்பு என்றால் 12 ஆட்டம் நிச்சயம். அந்த 12-ம் உங்களுக்குத் தெரியாத ஊர்க்காரர்களோடு, நீங்கள் பார்த்தே இராத எறிதல்களோடு, சரியான மேசையில், நடுவர் இருக்கிற கூடத்தில். உள்ளூர் பாரில் ஒரு வருடம் முழுக்க ஆடினாலும் அதே ஏழெட்டு அணிகளைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்ப்பீர்கள். என் வாக்கு நேரடிப் பதிவுக்கு. சாட்டிலைட்டை நுழைவு வழியாகப் பார்க்காமல், பயிற்சிப் போட்டியாகப் பாருங்கள்: பதிவு செய்துவிட்டு, அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் கிடைக்கிற உள்ளூர்ப் போட்டிகளில் எல்லாம் ஆடுங்கள், அதில் ஒன்றை ஜெயித்துவிட்டால் கட்டிய காசைத் திருப்பித் தருவார்களா அல்லது அடுத்த போட்டிக்கு மாற்றித் தருவார்களா என்று மட்டும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர் லீகை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆட்டத்துக்கு ஆகும் செலவு என்று பார்த்தால் லீக்தான் மலிவு, விமானம் இல்லை, ஹோட்டல் இல்லை, லீவு இல்லை. குழந்தை பிறந்திருக்கிற வீடு, புது வேலை, கையில் காசு இறுக்கம் என்றால் அதுவே சரியான வழி, அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் லீகில் கிடைக்காத ஒன்று இருக்கிறது, ஒரே நாளில் ஆறு ஆட்டம் ஆடுகிற உடம்பும் மனமும். லீகில் ஒரு ராத்திரிக்கு இரண்டு மூன்று ஆட்டம், முடிந்தால் வீடு. நாள் முழுக்க நின்று, சத்தத்துக்கு நடுவே, மூன்று தோல்விக்குப் பிறகு நான்காவது மேசைக்கு நடந்து போவது தனி அனுபவம். அதற்காகத்தான் ஒரு முறையாவது தேசியப் போட்டிக்குப் போகச் சொல்கிறேன்.

அடுத்தது பார்ட்னர். நட்பு உடைவது பெரும்பாலும் இங்கேதான். நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவன் மட்டும் நூற்றுக்கு எழுபது போடுவான், இன்னொருவன் நாற்பது, மற்ற இருவரும் ஐம்பத்தைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபதும் நாற்பதும் ஒரு அணி, ஐம்பத்தைந்து இரண்டும் ஒரு அணி. சராசரி இரண்டுக்கும் ஒன்றுதான். எது நல்ல அணி?

ரோல்பேக்கை வைத்துப் பார்த்தால் சமமான ஜோடிக்கு ஆதாயம். இரண்டு பந்தும் விழும் வாய்ப்பு 70-40 ஜோடிக்கு நூற்றுக்கு 28, 55-55 ஜோடிக்கு 30. மறுபடி மறுபடி கிடைக்கும் பந்துகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு முறைக்கு முதல் ஜோடி சராசரி 1.53 கப், இரண்டாவது 1.58 கப். ஒரு முழு ஆட்டத்துக்கு அரைக் கப்கூட வித்தியாசம் வராது. ஆனால் ஒரே ஒரு கப் மிச்சமிருக்கும்போது கணக்கு தலைகீழ். இரண்டு பந்தில் ஒன்றாவது விழ வேண்டும், அவ்வளவுதான். அங்கே 70-40 ஜோடிக்கு நூற்றுக்கு 82, சமமான ஜோடிக்கு 80. கடைசிக் கப்பில் எல்லோருடைய சதவீதமும் இறங்கும், இருந்தாலும் இந்தச் சாய்வு மாறாது. நட்சத்திரம் இருக்கிற அணி முடித்து வைப்பதில் ஒரு விரல்கடை முன்னால், சமமான அணி கப்பைக் குவிப்பதில் ஒரு விரல்கடை முன்னால். ஆக மொத்தம் எண்கள் உங்களுக்கு முடிவு சொல்லாது.

முடிவு சொல்வது ஆளின் குணம். 12 ஆட்டத்தில் நான்கைந்து தோல்வியாவது வரும், நல்ல அணிக்கே வரும். ஒன்பதாவது ஆட்டத்தில் நீங்கள் தொடர்ந்து நான்கு முறை தவறவிடும்போது உங்கள் பார்ட்னர் என்ன செய்வான்? பந்தைத் தண்ணீரில் கழுவித் துடைத்துக் கையில் கொடுத்து, "விடுடா மச்சான், அடுத்தது போடு" என்பவனா, ஒவ்வொரு தவறுக்கும் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு கூரையைப் பார்ப்பவனா? இரண்டாவது ஆள் எழுபது போட்டாலும் எனக்கு வேண்டாம். அவன் மூச்சு விடும் சத்தம் என் சதவீதத்தை ஐம்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்துக்கு இறக்கிவிடும், அப்புறம் அவன் எழுபது எதற்கு? எதிரணி கத்தும், கை ஆட்டும், பாட்டுப் பாடும், பெரும்பாலான இடங்களில் அது விதிக்கு உட்பட்டதுதான், அதையெல்லாம் தாங்கலாம். சொந்தப் பக்கத்திலிருந்து வருகிற எரிச்சலைத் தாங்குவது கடினம்.

இதோடு இன்னொன்று, சேர்ந்து ஆடிய காலம். 2009-இலும் 2010-இலும் வேர்ல்ட் சீரிஸை அடுத்தடுத்து ஜெயித்தது ஸ்மாஷிங் டைம் என்ற ஒரே அணி, அதே இரண்டு பேர். அத்தனை நூறு அணிகள் இருக்கும் ஒரு போட்டியில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை. யார் முதலில் எறிவது, யார் எந்தப் பக்கக் கப்பைப் பார்ப்பது, எப்போது ரீ-ரேக் (மிச்சமிருக்கும் கப்களை நெருக்கமாக மாற்றி அடுக்குவது) கேட்பது என்பதையெல்லாம் பேசாமலே முடிவு செய்கிற ஜோடிக்கு அந்த இரைச்சலில் பெரிய வசதி இருக்கிறது. அதனால் போட்டிக்கு ஒரு மாதம் முன்னால் இன்னும் நன்றாக எறிகிற ஒருத்தன் கிடைத்தான் என்பதற்காகப் பழைய பார்ட்னரைக் கழற்றிவிடாதீர்கள். உங்களைவிட அவன் ரொம்பவே மேலே, முதல் பத்துக்குள் வரும் வாய்ப்பு நிஜமாகவே இருக்கிறது என்றால் அது வேறு விஷயம், அப்போதும் பழைய நண்பனிடம் நேரில் உட்கார்ந்து சொல்லுங்கள், மெசேஜில் வேண்டாம்.

பீரா தண்ணீரா என்ற விவாதத்துக்கு வருவோம். பல பெரிய போட்டிகளில் கப்பில் தண்ணீர்தான் ஊற்றுகிறார்கள், பந்து தரையில் உருண்டு வந்து கப்பில் விழுவதை நினைத்தால் காரணம் புரியும். குடிப்பது தனி, ஆட்டம் தனி. வீட்டுப் பார்ட்டியில் வழக்கம் வேறு: ஒரு பக்கத்துக்கு இரண்டு கேன், அதாவது 710 மில்லியைப் பத்துக் கப்பில் பிரித்தால் கப்புக்கு 71 மில்லி. ஒரு ஆட்டம் முழுதாகத் தோற்றால் ஆளுக்கு ஒரு கேன், ஜெயித்தாலும் ஏழெட்டுக் கப் விழுந்திருக்கும், முக்கால் கேன். பார்ட்டியில் இரண்டு ஆட்டம் ஆடுகிறவருக்கு இது ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு ஆறு ஆட்டம், மறுநாள் மறுபடி ஆறு என்றால்? நாளொன்றுக்கு ஐந்து ஆறு கேன், இதற்கு மேல் ஆட்டங்களுக்கு நடுவே நண்பர்கள் கையில் திணிப்பது தனி. சாதாரண உடம்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு கேன் அளவைத்தான் எரித்துத் தள்ளும். மதியம் ஆட்டம் நெருக்கமாக வரும்போது கணக்கு மீறிவிடும், நான்காவது ஆட்டத்திலேயே எறிகிற தூரம் மாறிவிடும்.

"ஒரு பீர் போட்டால்தான் எனக்குக் கை நிதானமாக வரும்" என்று சொல்லாத பீர் பாங் ஆட்டக்காரர் இல்லை. முதல் பீருக்கு அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், பதற்றம் குறையும். மூன்றாவதுக்கு இல்லை. எத்தனை ஆட்டம் நன்றாக ஆட முடியும் என்பதுதான் நம் அளவுகோல் என்றால், தண்ணீர் வைத்து ஆடும் போட்டியைத் தேர்ந்தெடுங்கள், குடிப்பதை அன்றைய கடைசி ஆட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவே குடிக்காத நண்பர் ஒருவர் குழுவில் இருந்தால் அவரும் தண்ணீர்ப் போட்டியில் தாராளமாக ஆடலாம், இதைச் சொல்லித்தான் எங்கள் வட்டத்தில் மிக நன்றாக எறிகிற ஒருவரை நாங்கள் உள்ளே இழுத்தோம். பெயரில் பீர் இருக்கிறது என்பதற்காக அவர் ஒதுங்கியே இருந்தார். குடித்த ராத்திரி யாரும் வண்டி எடுக்க வேண்டாம், போட்டி நடக்கும் ஹோட்டலிலேயே தங்கினால் அந்தப் பேச்சே வராது.

வயது, அடையாள அட்டை விஷயம் இரண்டே வரியில். அமெரிக்கா முழுக்கக் குடிக்கும் வயது 21, இந்த மாதிரிப் போட்டி நடக்கும் இடங்களில் கப்பில் தண்ணீர் இருந்தாலும் 21 கேட்பார்கள் என்று நினைத்தே திட்டமிடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் இருப்பவர்கள், மாநில அடையாள அட்டையோ ஓட்டுநர் உரிமமோ இருந்தால் அதைக் கொண்டுபோங்கள், பாஸ்போர்ட்டைக் கூட்டத்தில் பையில் வைத்துக்கொண்டு திரிவது எனக்குப் பிடிக்காது.

எறிதல் பற்றி நிறைய எழுதலாம், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். இரண்டு பாணி உண்டு: ஆர்க், அதாவது பந்தை உயரத் தூக்கிப் போட்டு மேலிருந்து இறக்குவது. ஃபாஸ்ட்பால், அதாவது தாழ்வாக, வேகமாக, பின்வரிசைக் கப்பின் உள்சுவரில் அடிப்பது. கப்பின் வாய் சுமார் 9.5 சென்டிமீட்டர், பந்து 4 சென்டிமீட்டர். பந்து எந்தக் கோணத்தில் இறங்குகிறதோ அதைப் பொறுத்து வாய் சுருங்கித் தெரியும். 30 டிகிரியில் வருகிற பந்துக்கு அந்த வாய் 4.75 சென்டிமீட்டர்தான், பந்து நுழைய முக்கால் சென்டிமீட்டர்தான் மிச்சம். 45 டிகிரிக்கு 6.7. 60 டிகிரிக்கு 8.2. வரைபடம் போட்டுப் பார்த்தால் ஆர்க் ஜெயித்துவிட்டது மாதிரி இருக்கும்.

ஆனால் மேசையில் அப்படி இல்லை. ஃபாஸ்ட்பால் ஒரு கப்பின் விளிம்பைத் தட்டி அடுத்த கப்பில் விழும், பத்துக் கப்பும் நெருக்கமாக நிற்கும்போது அந்தத் தட்டல்கள் நிறைய ஆதாயம் தரும். ஆர்க் ரொம்ப உயரம் போனால் கையின் சின்னப் பிசகு கீழே வரும்போது பெரிதாகத் தெரியும். 2.7 கிராம் பந்து, பெரிய கூடத்தின் ஏசி காற்றில்கூட அசையும், உயரமாகப் போகப் போக அதிக நேரம் காற்றில் இருக்கும். கப் குறைந்து இரண்டு, ஒன்று என்று வரும்போது ஃபாஸ்ட்பாலுக்குத் தட்டி விழ அடுத்த கப் கிடையாது, அங்கே ஆர்க் அருமை. தோள் வலியையும் கணக்கில் சேருங்கள். ஒரு ஆட்டத்துக்கு ஆளுக்கு எட்டோ பத்தோ எறிதல், பயிற்சிப் பந்துகளோடு ஒரு நாளைக்கு நூறு தாண்டும். வேகமாக எறிகிறவர்களுக்கு ஐந்தாவது ஆட்டத்தில் முழங்கை முனக ஆரம்பிக்கும்.

அதனால் நான் சொல்வது, நடுத்தர உயரத்தில், தலைக்குக் கொஞ்சம் மேலே போய் 45 டிகிரி பக்கம் இறங்குகிற ஒரே எறிதலைப் பிடித்துக்கொண்டு, பத்துக் கப்பிலிருந்து ஒரு கப் வரை அதையே எறியுங்கள். இரண்டு பாணியையும் கற்றுச் சூழ்நிலைக்கு ஏற்ப மாற்றுவது வருடக்கணக்காக ஆடுகிறவர்களுக்குச் சரி. ஏற்கெனவே உங்களுக்கு ஃபாஸ்ட்பால் இயல்பாக வருகிறது, நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் போடுகிறீர்கள் என்றால் நான் சொன்னேன் என்று மாற்ற வேண்டாம், போட்டிக்கு முன் எறிதலை மாற்றுவது நல்லதல்ல. மேசையில் ஒரு முறை அடித்து எழும்ப வைக்கும் பவுன்ஸை மட்டும் விட்டுவிடுங்கள். வீட்டில் அதற்கு இரண்டு கப் கொடுப்பார்கள், போட்டியில் அந்தச் சலுகை பெரும்பாலும் கிடையாது, எழும்பும் பந்தை எதிரணி தட்டிவிடவும் அனுமதி இருக்கலாம்.

இங்கே வீட்டு விதிகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கேரம் மாதிரிதான் இதுவும், தெருவுக்கு ஒரு சட்டம். முழங்கை மேசை விளிம்பைத் தாண்டலாமா, சாய்ந்து எறியலாமா, ரீ-ரேக் எத்தனை முறை, எந்த எண்ணிக்கையில், கப்புக்குள் சுழலும் பந்தை ஊதி வெளியேற்றலாமா, ரிடெம்ப்ஷனில் எத்தனை பந்து, எல்லாமே மாறும். உங்களுக்குப் பழகிய விதியில் பயிற்சி எடுப்பதா, போட்டி விதியில் எடுப்பதா என்பதும் ஒரு முடிவுதான், பலரும் அதை எடுக்காமலே விட்டுவிடுகிறார்கள். பதிவு செய்த அன்றே விதிப்புத்தகத்தைப் படித்து, அன்றிலிருந்து வீட்டிலும் அதே விதி என்று வையுங்கள். சாய அனுமதி உண்டு என்றால் உயரமான ஆளுக்கு ஒன்றரை அடி லாபம், அதைப் போட்டியன்று கண்டுபிடித்துப் பிரயோஜனம் இல்லை.

மேசையும் அப்படியே. வீட்டில் இருக்கும் மடக்கு மேசை பெரும்பாலும் ஆறு அடி. அதில் எழுபது போடுகிறவர் எட்டு அடியில் ஐம்பதுக்கு இறங்கிவிடுவார். போட்டி மேசையை வாங்கலாம், மடக்கி எடுத்துப் போகலாம், ஆனால் விலை அதிகம். மலிவான வழி, கடையில் கிடைக்கும் நாலுக்கு எட்டு அடி பிளைவுட் பலகையை நீளவாக்கில் இரண்டாக அறுத்துத் தரச் சொல்லுங்கள், இரண்டு அடி அகலத்தில் இரண்டு மேசைப் பலகை கிடைக்கும், ஒன்று உங்களுக்கு, ஒன்று அடுத்த ஜோடிக்கு. 27.5 அங்குல உயரம் வருகிற மாதிரி கீழே தாங்கல் கொடுத்தால் போதும். வாரத்தில் நாலு நாள் அரை மணி நேரம் எறிவதைவிட, ஒரே ஞாயிற்றுக்கிழமை ஆறு ஆட்டத்தை இருபது நிமிட இடைவெளியில் தொடர்ந்து ஆடுவது உங்களுக்கு அதிகம் சொல்லித் தரும். ஐந்து, ஆறாவது ஆட்டத்தில் உங்கள் சதவீதம் எவ்வளவு என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் வேகாஸில் உங்கள் உண்மையான எண். இன்னொன்று, கப் வித்தியாசம் கணக்கில் வரும் அமைப்பில் ஏழு கப்பில் தோற்பதும் ஒரு கப்பில் தோற்பதும் ஒன்றல்ல, தோற்றுப்போகிற ஆட்டத்திலும் கடைசி வரை எறிந்து பழகுங்கள்.

செலவுப் பக்கம் ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேகாஸ் ஹோட்டல்களில் வாடகைக்கு மேல் ரிசார்ட் கட்டணம் என்று ஒன்று உண்டு, அதையும் சேர்த்த மொத்தத்தை வைத்தே ஒப்பிடுங்கள். வேர்ல்ட் சீரிஸ் ஆரம்ப வருடங்களில் ஜனவரி முதல் வாரத்தில் நடந்தது, புத்தாண்டு நேரத்து விமான டிக்கெட் என்றால் சொல்ல வேண்டியதில்லை. வெளியே மலிவான அறை எடுத்து தினமும் வண்டியில் வருவதைவிட, போட்டி நடக்கும் இடத்திலேயே நான்கு பேர் ஒரு அறையைப் பகிர்ந்துகொள்வது எனக்குச் சரி என்று படுகிறது. இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே அறைக்குப் போய் அரை மணி நேரம் காலை நீட்டிப் படுத்துவிட்டு வருகிற அணிக்கும், கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற அணிக்கும் இரண்டாம் நாள் மதியம் வித்தியாசம் தெரியும்.

நான்கு பேர் என்றால் இரண்டு அணி, பிரச்சினை இல்லை. மூன்று பேர் கிளம்பும்போதுதான் சிக்கல். மூன்றாமவரை மாற்று ஆட்டக்காரராகப் பதிய அந்தப் போட்டி அனுமதிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அனுமதி இருந்தால், "தேவைப்பட்டால் நீ ஆடலாம்" என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள், அது அவருக்கு இரண்டு நாள் காத்திருப்பாகவே முடியும். 12 ஆட்டத்தையும் ஆளுக்கு எட்டு என்று கிளம்பும் முன்பே பங்கு பிரித்துவிடுங்கள், முதல் நாள் யார் யார், இரண்டாம் நாள் யார் யார் என்று எழுதி வையுங்கள், மூன்றாம் நாளுக்குத் தகுதி பெற்றால் அன்று யார் இரண்டு பேர் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். அனுமதி இல்லை என்றால், நான்காவது ஆளைக் கண்டுபிடிக்கும் வரை பதிவைத் தள்ளிப்போடுங்கள், அந்த நான்காவது ஆள் நூற்றுக்கு முப்பது போடுகிறவராக இருந்தாலும் பரவாயில்லை.